அத்தை, கெர்மிட் தெரியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை அவனுக்கு. வழக்கமாக அவன் என்னிடம் கேட்பது ரசப்பொடி அளவுதான். அன்று கேட்டது வேறு.

"அத்தை, கெர்மிட்னு ஒண்ணு தெரியுமா? நீங்க ஆம்பூர்ல அதை வெச்சுத்தான் வேலை பார்த்தீங்கன்னு அப்பா சொன்னாரு."

கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அவனுடைய போர்டில் யூ-பூட் என்று ஒரு தொடக்க நிரல் இருக்கிறது. அதற்கு சீரியல் கேபிள் வழியாக ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். அதில் 'லோட்பி' என்று ஒரு கட்டளை. அது கெர்மிட் என்ற பழைய கோப்பு அனுப்பும் நெறிமுறையில்தான் கோப்பை வாங்கிக்கொள்ளும். இவன் லேப்டாப்பில் கெர்மிட்டை நிறுவிவிட்டான். ஆனால் 'கனெக்ட்' கொடுத்தால், கேரியர் தேவை, கேரியர் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறதாம்.

"செட் கேரியர்-வாட்ச் ஆஃப்னு போட்டுட்டு மறுபடி கொடு" என்றேன்.

ஐந்து விநாடி மௌனம். "வந்துடுச்சு அத்தை! பார்க்காமலே எப்படிச் சொன்னீங்க?"

பார்க்க என்ன இருக்கிறது? மோடம் என்பது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் பெட்டி. இரண்டு மோடங்கள் அந்தக் கம்பியில் ஒன்றையொன்று கண்டுகொண்டதும் ஒரு தொடர் ஒலியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் கேரியர். அது இருக்கும்வரை மோடத்தின் முகப்பில் சி.டி. என்ற சிவப்பு விளக்கு எரியும். கெர்மிட் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற நிரல். இவன் கையில் இருப்பதோ ஒரு முழ நீளக் கேபிள். அதில் மோடமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுமுனையில் ஒரு மோடம் இருந்தாக வேண்டும் என்று கெர்மிட் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. 'மோடம் கிடையாது, தேடாதே' என்று சொல்லிவிட்டால் போதும்.

போனை வைத்த பிறகு மாவு நினைப்பே வரவில்லை. 1993-க்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் ஈ.டி.பி. பிரிவு, அதாவது கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நானும், இரண்டு கம்ப்யூட்டர்களும், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும். தொழிற்சாலையில் அன்றன்றைக்குப் பெட்டி கட்டின ஷூ அப்பர்களின் பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் டிபேஸ் என்ற தரவுத்தள நிரலில் ஏற்றுவேன். அந்தக் கோப்பு மறுநாள் காலை சென்னை பெரியமேட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அங்கேதான் துறைமுகத்துக்கான காகிதம் எல்லாம் போடுவார்கள்.

முதலில் பிளாப்பியில் எழுதி, காலை ரயிலில் ஒரு பையனிடம் கொடுத்தனுப்புவோம். மழையில் நனைந்த பிளாப்பி, மடித்துப் பாக்கெட்டில் வைத்த பிளாப்பி, டிபன் பாக்ஸுக்கு அடியில் சிக்கிய பிளாப்பி என்று வகை வகையாகப் பார்த்தாயிற்று. அப்புறம்தான் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மோடம் வாங்கினார்கள். 2400 வேகம், அதாவது விநாடிக்கு 2400 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 240 எழுத்து. இதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது.

எங்கள் பக்கம் டாஸ் ஓடும் ஒரு பி.சி. பெரியமேட்டில் ஸீனிக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை ஓடும் ஒரு சர்வர். இரண்டும் வேறு வேறு ஜாதி. இவற்றைப் பேச வைக்க அங்கிருந்த சிஸ்டம்ஸ் ஆள் கொடுத்ததுதான் கெர்மிட். விலை கிடையாது, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் எழுதியது, நகல் எடுத்துக் கொடுத்தால் குற்றமில்லை என்றார். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மென்பொருட்களில், நகல் எடுத்ததற்கு வெட்கப்பட வேண்டாத ஒரே மென்பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

கெர்மிட் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1981-ல் கொலம்பியாவில் மாணவர்களுக்குப் பெரிய கணினியில் இடம் போதவில்லை. கோப்புகளைச் சின்னக் கணினிக்கு இறக்கி, பிளாப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே இருந்த பெரிய கணினிகளோ ஒன்று ஒரு விதம், மற்றது ஒரு விதம். ஒன்றுக்கு எட்டாவது பிட் ஆகாது, இன்னொன்றுக்குச் சில கட்டுப்பாட்டு எழுத்துகள் ஆகாது. ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் எவ்வளவு மோசமான கம்பியிலும் எவ்வளவு முரட்டுக் கணினியோடும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு முறை செய்தார்கள். சுவரில் தொங்கிய காலண்டரில் மப்பெட்ஸ் தவளைப் பொம்மையின் படம் இருந்ததாம். அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். தவளை என்றதும் எங்கள் மேனேஜர் சிரித்தார். "கத்துதில்ல, சரியான பேருதான்" என்றார். மோடம் போடும் சத்தத்தைச் சொன்னார்.

எங்களிடம் முதலில் இருந்தது 2.29. 1986-ல் வந்த பதிப்பு. நல்லது, ஆனால் நிதானம். இந்த நிதானத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் பிற்பாடு வந்ததன் அருமை தெரியும்.

வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் செங்கல் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் ஒரு கல்லைத் தூக்கிப் போடுகிறார். மேலே நிற்பவர் அதைப் பிடித்து, தட்டிப் பார்த்து, உடையவில்லை என்று தெரிந்த பிறகு 'ம்' என்கிறார். அந்த 'ம்' காதில் விழுந்த பிறகுதான் கீழே இருப்பவர் அடுத்த கல்லுக்குக் குனிகிறார். பழைய கெர்மிட் இப்படித்தான். கல்லின் அளவும் சிறிது. ஒரு தடவையில் போகும் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர், அதற்கு அதிகபட்சம் 94 எழுத்து. போதாததற்கு, ஒவ்வொரு கட்டுப்பாட்டு எழுத்துக்கும் முன்னால் ஒரு '#' சேர்த்து, சாதாரண எழுத்தாக மாற்றி அனுப்பும். இதெல்லாம் அந்த முரட்டுக் கணினிகளுக்காகச் செய்த ஏற்பாடு. எங்களுக்கு அவசியமே இல்லை, ஆனால் நாங்களும் அதற்குத் தண்டம் கட்டினோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழையதே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. டிபேஸ் கோப்பில் பெயருக்கு முப்பது இடம் ஒதுக்கிவிட்டு நாம் எட்டு எழுத்து அடித்தால், மீதி இருபத்திரண்டும் வெற்றிடமாகவே கோப்பில் உட்கார்ந்திருக்கும். கெர்மிட் அந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக அனுப்பாது. '~' போட்டு, இத்தனை தடவை இந்த எழுத்து என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடும். எங்கள் 150 கே.பி. கோப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெற்றிடம்தான். ஆக, தவளைக்கு நன்றி.

இருந்தும் தினமும் பதினைந்து நிமிடம் ஆகும். இரைச்சல் உள்ள நாளில் இருபது. எஸ்.டி.டி. மீட்டர் ஓடும். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால், குறைந்த பிறகுதான் டயல் செய்ய வேண்டும் என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. வீடு எனக்கு வாணியம்பாடியில். மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் போய்ச் சேரும்போது அவள் தூங்கியிருப்பாள். வேலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். அப்புறம் நான் அங்கே உட்கார்ந்திருந்தது மலிவான கம்பிக்காக.

1993-ல்தான் சிஸ்டம்ஸ் ஆள் புதுப் பதிப்பை அனுப்பினார். 3.1 வரிசை. 1.2 எம்.பி. பிளாப்பி, மேலே பென்சிலில் 'கெர்மிட் புதுசு' என்று எழுதியிருந்தது. டாஸ் பதிப்பை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ டௌப்னிக். பல்கலைக்கழக ஆட்கள் எழுதியதாலோ என்னவோ, கூடவே வந்த உரைக்கோப்புகளில் பாடம் நடத்தும் தொனி இருந்தது. எனக்கு அது பிடித்தது. ஒரு கோப்பில் புதிதாக என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இன்னொன்றின் பெயரே 'பிவேர்'. நாய்கள் ஜாக்கிரதை என்று கேட்டில் மாட்டுவது மாதிரி. இந்த நிரலில் எங்களுக்குத் தெரிந்த குறைகள் இவை, இந்தக் கருவியோடு தகராறு செய்யும், இதற்கு இப்படிச் சமாளியுங்கள் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். இப்போது என் போனில் வாரத்துக்கு நாலு செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. என்ன செய்தாய் என்று கேட்டால் 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன'. என்ன பிழை, யாரைக் கடித்தது, ஒன்றும் சொல்லாது.

புதிய வசதிகளின் பட்டியல் பெரிது. டெக்ட்ரானிக்ஸ் வரைபடத் திரை போல நடிக்குமாம். நாங்கள் வரைவதற்கு ஒன்றும் இல்லை. டி.சி.பி/ஐ.பி. உள்ளேயே இருக்கிறதாம், அது என்ன என்று சிஸ்டம்ஸ் ஆளிடம் கேட்டேன், நமக்கு வேண்டாம் என்றார். இரண்டே வருஷத்தில் ஊரே இன்டர்நெட் என்று பேசப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வி.டி. 320 டெர்மினல் போல நடிக்கும் என்பது கொஞ்சம் உதவியது. பெரியமேட்டு சர்வரில் மெனு திறந்தால் கோடுகள் கோடுகளாகவே தெரிந்தன, முன்பெல்லாம் கியூ கியூ கியூ என்று வரும்.

எனக்கு வேண்டியது இரண்டு. நீள பாக்கெட், ஜன்னல். 94 எழுத்து என்ற வரம்பு போய், 9,024 வரை வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் என்பது, 'ம்' வருவதற்குக் காத்திராமல் எத்தனை கல்லை அந்தரத்தில் விடலாம் என்ற கணக்கு. 31 வரை விடலாம். நடுவில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அனுப்பும்.

அன்று இரவே ஏற்றிவிட்டேன். பாக்கெட் நீளம், ஜன்னல் எல்லாவற்றையும் கூட்டி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அனுப்பினேன். பதினைந்து நிமிடம். அப்படியே பழைய மாதிரி. மறுநாள் இரவு, பதினாறு. மூன்றாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் 'புதியவை' கோப்பிலேயே இருந்தது. நான் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு கெர்மிட்டுகள் பேச ஆரம்பிக்கும்போது முதல் பாக்கெட்டிலேயே எனக்கு இது வரும், எனக்கு அது வரும் என்று சொல்லிக்கொள்ளும். பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாக எது வருமோ அதில் நிற்கும். நான் மட்டும் புதுசாகி என்ன பயன்? பெரியமேட்டில் சர்வரில் இருந்த சி-கெர்மிட், அதாவது யூனிக்ஸ் பக்கத்துக் கெர்மிட், கிழவனாகவே இருந்தது. ஜன்னல் அதற்கு 1992-ல் வந்த 5ஏ பதிப்பில்தான் சேர்ந்தது. போன் போட்டு சண்டை பிடித்து, அதை அங்கே நிறுவ வைப்பதற்கு மூன்று வாரம் ஆயிற்று. சர்வரை நிறுத்த முடியாது என்பார், ஆடிட் என்பார், தீபாவளி என்பார்.

ஒரு வழியாக நிறுவினார்கள். பேராசை பிடித்து, பாக்கெட் நீளத்தை 9,000 என்று வைத்தேன். இந்தக் கணக்கை நீங்களே போடலாம்: விநாடிக்கு 240 எழுத்து என்றால் ஒரு பாக்கெட் போய்ச் சேர முப்பத்தேழு விநாடி. எங்கள் கம்பியில் முப்பத்தேழு விநாடி இரைச்சல் இல்லாமல் இருப்பது அதிசயம். இரைச்சல் வந்தால் ஒரு எழுத்து கெடும். ஒரு எழுத்து கெட்டால் மொத்த பாக்கெட்டும் மறுபடி. பழைய 94-ல் ஒரு கல் உடைந்தால் ஒரு கல் நஷ்டம். இங்கே சுவரே விழுந்தது. அன்று நாற்பது நிமிடம் முயன்று, பாதியில் கேரியர் அறுந்து, மறுநாள் காலை பழையபடி பையன் கையில் பிளாப்பி போனது. எஸ்.டி.டி. பில் வந்தபோது மேனேஜர் அந்தத் தேதியைச் சுழித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்து, கடைசியில் எங்கள் கம்பிக்குப் பொருத்தமானது எது என்று கண்டுபிடித்தேன்: நீளம் 250, ஜன்னல் 4. எட்டு நிமிடத்தில் முடிந்தது. மழைக்காலத்தில் நீளத்தை 120-க்கு இறக்குவேன், பத்து நிமிடம் ஆகும். எந்த கையேட்டிலும் இந்த எண்கள் இருக்காது. கொலம்பியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆம்பூர் மழை எப்படித் தெரியும்?

ஆனால் இத்தனை வருஷம் கழித்து, அந்தப் பதிப்பில் உனக்கு எது பெரிசு என்று யாராவது கேட்டால் நான் வேகத்தைச் சொல்லமாட்டேன். பட்டியலில் நடுவில் எங்கோ, அடக்கமாக எழுதியிருந்த ஒன்றைத்தான் சொல்வேன். கட்டளைக் கோப்பில் 'இஃப்' வைக்கலாம், 'கோட்டூ' வைக்கலாம்.

2.29-இலும் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி ஓட்டலாம். ஆனால் அது கடிவாளம் போட்ட குதிரை, நேராகத்தான் போகும். டயல் செய், கனெக்ட் என்று வரும்வரை காத்திரு, லாகின் கேட்டால் பெயரைக் கொடு. எங்கேஜ்டாக இருந்தால்? அதற்கு அதனிடம் பதில் கிடையாது. அதனால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். புதியதில், கனெக்ட் வரவில்லை என்றால் இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி டயல் செய், இத்தனை தடவைக்கு மேல் முயலாதே என்றெல்லாம் எழுதலாம். 'பாஸ்' என்ற கட்டளைக்கு மணியைக் கொடுத்தால் அந்த மணி ஆகும்வரை சும்மா இருக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் நாற்பது வரி இருக்கும். இரவு பதினொன்று ஐந்துக்கு எழுந்திரு. பல்ஸ் முறையில் டயல் செய் (எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு டோன் புரியாது). உள்ளே போ. அந்தப் பக்கம் கெர்மிட்டை சர்வராக ஓட்டு. கோப்பு வகை பைனரி என்று சொல். இந்த ஒரு வரியை மறந்தால் டிபேஸ் கோப்பு உருக்குலைந்துதான் போய்ச் சேரும், இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். அனுப்பு. 'பை' சொல்லிவிட்டு வெளியே வா. நடந்ததையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் எழுது. பாஸ்வேர்டையும் அதே கோப்பில் பச்சையாக எழுதி வைத்திருந்தேன். இன்று யாராவது அப்படிச் செய்தால் நானே திட்டுவேன்.

எழுதி முடித்த அன்று ஆறே காலுக்கு பஸ் ஏறினேன். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, வாட்ச்மேனிடம் "இந்தப் பொட்டி ராத்திரி சத்தம் போடும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மகள் விழித்திருந்தாள். ஏம்மா பகல்லயே வந்துட்டே என்று கேட்டாள்.

மறுநாள் காலை போய்ப் பதிவுக் கோப்பைத் திறந்தால் பதினான்கு முயற்சி. பதினான்கும் 'நோ கேரியர்'. எங்கேஜ்ட் என்றால் மோடம் 'பிஸி' என்றுதான் சொல்லும். இது, யாரோ எடுத்திருக்கிறார்கள், ஆனால் மோடம் பேசவில்லை என்று பொருள். எண்ணைப் பார்த்தேன். வயிற்றில் புளி கரைத்தது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருந்தேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்த எண்ணுக்கு நானே டயல் செய்தேன். ஒரு பெரியவர் எடுத்தார்.

"ஐயா, நேத்து ராத்திரி உங்களுக்கு ஏதாவது போன் வந்துதா?"

"வந்துதாவா? யாரும்மா நீ? ராத்திரி பூரா அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுத்தா மூச்சு விடுற சத்தம்கூட இல்ல! பையன் துபாய்ல இருக்கான், அவனுக்கு என்னவோ ஏதோன்னு என் சம்சாரம் விடிய விடியத் தூங்கலை."

தவறு என்னுடையது, கம்ப்யூட்டர் தானாகக் கூப்பிட்டது, இனிமேல் வராது என்றேன். கம்ப்யூட்டர் எதுக்கும்மா போன் பண்ணுது என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது நியாயமான கேள்வி. தோல் கணக்கு அனுப்புகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, ராத்திரிலயா அனுப்பணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு முயற்சிகளின் எண்ணிக்கையை ஐந்தோடு நிறுத்தினேன். எண்ணை மூன்று தடவை உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். அந்த நாற்பது வரி 1996 வரை, நான் அங்கிருந்து கிளம்பும்வரை, ஏறக்குறைய தினமும் ஓடியது. மின்சாரம் போன நாட்கள் தவிர.

இன்னொரு வசதியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. எழுத்துத் தொகுதி மாற்றம். எங்கள் வாங்குநர்களில் பாதிப் பேர் ஜெர்மனிக்காரர்கள். அவர்கள் முகவரியில் 'யு' மேல் இரண்டு புள்ளி, 'ஓ' மேல் இரண்டு புள்ளி இருக்கும். டாஸில் சரியாக அடித்து அனுப்புவேன், பெரியமேட்டு டெர்மினலில் வேறு ஏதோ கிறுக்கலாகத் தெரியும். புதிய கெர்மிட்டில், என் கணினியில் இந்த எழுத்துத் தொகுதி, போகிற வழியில் லத்தீன்-1 என்ற பொதுத் தொகுதி என்று சொல்லிவிட்டால், உரைக்கோப்பாக அனுப்பும்போது அதுவே மாற்றிக் கொடுக்கும். வேலை செய்தது. முகவரியில் புள்ளி சரியாக விழுந்ததைப் பார்த்து பெரியமேட்டில் ஒருவர் போன் செய்து பாராட்டினார்.

அந்தப் பட்டியலைக் கீழே வரை படித்தேன். ரஷ்ய எழுத்து இருந்தது. ஜப்பானிய எழுத்துகூட இருந்தது. தமிழ் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்தா பார்த்தேன்? தெரியவில்லை. ஆனால் கீழே வரை பார்த்தேன்.

பின்கதை இது. 2000 ஜனவரி 1 அன்று சி-கெர்மிட் 7.0 வந்தது. அதில் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் சேர்ந்தது. அந்த யூனிகோடைக் கோப்பில் எழுதும் யு.டி.எஃப்-8 முறை எப்படி இருக்கும் என்று காட்ட, கொலம்பியாவின் கெர்மிட் குழுவினர் பல மொழி எழுத்துகளை ஒரே பக்கத்தில் போட்டு வைத்தார்கள். டா குரூஸ் அதைத் தொகுத்தார். பல வருஷம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. பழைய ஆங்கில ரூன் எழுத்தில் தொடங்கி, ரஷ்ய புஷ்கின், ஜார்ஜியாவின் ருஸ்தவேலி என்று வந்து, அதற்கடுத்து 'யாமறிந்த மொழிகளிலே'. நம்ம பாரதி. பக்கத்தில் 1882-1921 என்று ஆண்டும் போட்டு.

இன்னும் கீழே போனால், 'நான் கண்ணாடி சாப்பிடுவேன், அதனால் எனக்கு ஒரு கேடும் வராது' என்று தமிழில் ஒரு வாக்கியம். பைத்தியக்காரத்தனம் இல்லை, அந்த ஒரே வாக்கியத்தை எத்தனை மொழிகளில் எழுத முடியும் என்ற விளையாட்டு அது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு நடுவில் தமிழும் கண்ணாடி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து வீட்டில் என்ன என்று கேட்டார்கள். எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

கொலம்பியா 2011-ல் கெர்மிட் திட்டத்தை மூடிவிட்டது. நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டார்கள். டா குரூஸ் வேலையிலிருந்து வெளியே வந்த பிறகும் விடவில்லை; 10.0-க்கான சோதனைப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. அண்ணன் மகனுடைய லேப்டாப்பில் ஏறியது எந்தப் பதிப்பு என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் கேரியரைத் தேடுகிறது, அது போதும்.

அன்று மாலை மறுபடி கூப்பிட்டான். கோப்பு போய்விட்டதாம். 115200 வேகமாம். நாங்கள் அனுப்பியதைப் போல நாற்பத்தெட்டு மடங்கு. ஆனால் கோப்பு எட்டு எம்.பி., பதினைந்து நிமிடம் ஆகிறது அத்தை, ரொம்ப ஸ்லோ என்று குறைப்பட்டுக்கொண்டான்.

பதினைந்து நிமிடம்! அதே பதினைந்து நிமிடம்.

"எல்லாம் ஒரு முழ கேபிள்தானே, இரைச்சல் கிரைச்சல் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"பாக்கெட் லெங்த் எவ்வளவு வெச்சிருக்கே?"

"அப்படின்னா?"

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்.